ஏழு குழாய்

பீடோங் கிளினிக்கில் மின்விசிறி சுற்றினால்
குழாய்களில் ஒட்டிய சீட்டு உரிந்துகொள்ளும்.
அதனால் அணைத்து வைத்திருக்கிறேன்.
வேர்வையோடுதான் இந்தக் காலை.

இன்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே வீடு.
செம்பனைத் தோட்டம், நாலாம் வரிசை,
தகரக் கூரை, மூன்று அறை,
எட்டுப் பேருக்கு ஒரே சோற்றுப்பானை.
யார் முதலில் கொண்டுவந்தது என்று
இப்போது யாரும் கேட்பதில்லை.
கேட்ட வாரங்கள் முடிந்துவிட்டன.

பினாங்கு டாக்டருக்கு ஆளுக்குப் பத்து மில்லி வேண்டும்.
இது இரண்டாவது தடவை.
கிருமி ஒன்றுதான் என்கிறார்,
எழுத்துக்கு எழுத்து அதே கிருமி.
அதைப் படித்த உடம்புகள்தான் வேறு வேறு.

நாகேந்திரன் முதலில் கை நீட்டினார்.
வாரத்தில் மூன்று நாள்
சிறுநீரக இயந்திரத்தோடு பேசும் கை.
அது வேண்டாம் என்றேன், மறுகையைக் கொடுத்தார்.
எங்கள் கணக்குப்படி அவர்தான்
முதலில் போயிருக்க வேண்டும்.
மூன்று நாள் இருமினார். நாலாம் நாள்
மீன்குழம்பு கேட்டார்.
போன முறை அவர் பெயருக்கு நேரே
எதிர்ப்பான் அளவு: இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு.
'ஏன்?' என்றேன்.
'தெரியாது' என்று எழுதிக்கொண்டார் டாக்டர்,
அதையும் ஒரு முடிவாக.

அஞ்சலை ஊசிக்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள்.

ரூபிணிக்கு ஐந்து நாள் காய்ச்சல்.
அவளோடு ஒரே கருவில் பிரிந்த ரோகிணிக்கு
இரண்டு தும்மல்.
ஒரே மெத்தை, ஒரே போர்வை, சண்டையும் ஒரே சண்டை.
சீட்டு மாறிவிடக்கூடாதென்று
ரோகிணியின் புருவத் தழும்பை
இரண்டு முறை பார்த்து ஒட்டினேன்.

கையுறைத் தொழிற்சாலை புஷ்பலீலாவுக்கு
வாசனை போனது போனதுதான்.
"ரப்பர் நாத்தம் தெரியல மிஸ்ஸி,
அதுவரைக்கும் லாபம்" என்றாள்.
பிறகு மெதுவாக, மல்லிகையும் தெரியவில்லை என்றாள்.

கிஷோருக்கு ஒன்பது வயது.
அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்தவன்.
எந்தப் பரிசோதனையிலும் அவன் சிக்கவில்லை,
ரத்தத்திலும் தடயமில்லை.
மூக்கின் வாசலிலேயே கதை முடிந்திருக்கலாம்,
'இருக்கலாம்' என்பதை டாக்டர் அழுத்திச் சொன்னார்.
பையன் தன் ரத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"சிராப் மாதிரி இருக்கு."

எட்டாவது குழாய் முன்பே எடுத்தது,
சுங்கைப் பட்டாணிப் பெரியாஸ்பத்திரியில்.
வீரமுத்து. நாற்பத்தொன்று. மருந்தடிக்கிறவர்.
பதினெட்டு லிட்டர் தோங் முதுகில் ஏற்றி
மலைச்சரிவு முழுக்க லாலான் புல்லைக் கருக்கியவர்.
ஒரு நாள் மெடிக்கல் லீவு எடுத்ததில்லை.
எட்டில் அவர் எண்தான் உச்சம்.
பத்தாம் நாளே கிருமி அடங்கத் தொடங்கியதாம்.
உடம்புதான் நிறுத்தவில்லை.
புல் காய்ந்த பிறகும்
பம்பை அடித்துக்கொண்டே இருந்தது,
நட்ட கன்றும் கருகும்வரை,
நெஞ்சின் இரண்டு பக்கமும்.

கடைசியாக உட்கார்ந்தாள் குணவதி.
ரப்பர் பட்டையை இறுக்கும்போது கேட்டாள்:
"அப்ப அவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா மிஸ்ஸி?"

பொய் சொல்லியிருக்கலாம்.
"கம்மி இல்லக்கா. கூட."

குழாய் நிறையும்வரை அதையே பார்த்திருந்தாள்.
"பசியாறப் போனா
பக்கத்து மேசைக்கும் சேத்துக் காசு குடுப்பாரு.
சம்பளம் போட்ட அன்னிக்கே தீத்துடுவாரு.
எதுலயும் அளவு தெரியாத மனுஷன்."
திட்டுவதுபோலத்தான் சொன்னாள்.

பஞ்சை அழுத்திக்கொள்ளச் சொல்லி
எல்லாரையும் வெளிப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.
ரோகிணிக்கு அப்போதே நின்றுவிட்டது.
ரூபிணியின் பஞ்சில்
இன்னும் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.